உள்ளறை

கரீபியன் எப்படி என்று
மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று கேட்கிறார்கள்.
பிரஷர் குளிசையை எண்ணிக்கொண்டே
"நீலம்" என்கிறேன்.
வேறொன்றும் வாயில் வருவதில்லை.

நாலு வருஷம் கட்டிய சீட்டுக் காசு அது.
மிச்சத்தை ரொறொன்ரோவில் இருந்து
இவருடைய தம்பி போட்டான்.
விசாவுக்கு இரண்டு தரம் வரிசை,
புதுத் தொப்பி,
இரத்தினவேலுக்குக் கடலுக்கென்றே தைத்த
பூப்போட்ட சேட்.

கிடைத்தது உள்ளறை.
திரைச்சீலை இருந்தது,
விலக்கினால் சுவர்.
டீவியின் ஒன்பதாம் சனலில்
கப்பலுக்கு முன்னால் கிடக்கும் கடலை
இரவு பகலாகக் காட்டினார்கள்.
கட்டிலில் சாய்ந்து இவர் அதைப் பார்த்தார்,
மழையால் நின்ற கிரிக்கெட்டைப் பார்ப்பதுபோல,
எப்போதாவது தொடங்கும் என்று.

வெள்ளவத்தையில் எங்கள் படுக்கையில் கிடந்தால்
ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவே
கடல் கேட்கும்.
அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

முதல் தீவில் காற்று; கரை தொடவில்லை.
இரண்டாம் தீவில் இறங்கினோம்.
நகைக்கடை, நகைக்கடை, அதை ஒட்டி நகைக்கடை.
செட்டியார் தெருவுக்கு இருபது மணித்தியாலம்
விமானத்தில் வந்திருக்கிறோம் என்றேன்.
மூன்றாம் தீவு மழைக்குள் எங்கேயோ இருந்தது.
தண்ணீர்ப் போத்தல் நாலு டொலர்.
அதை இவர் ரூபாவாகப் பெருக்கி முடிப்பதற்குள்
எனக்குத் தாகம் போய்விடும்.

அறை துடைக்க வந்த பெடியனின் மார்புத் தகட்டில்
நெவில், ஸ்ரீலங்கா.
"அக்கா, வெள்ளவத்தையா? நான் கொட்டாஞ்சேனை."
துவாயை அன்னமாக மடித்துக்கொண்டே
எங்கள் ஊரைப் பற்றி எங்களிடம் கேட்டான்:
ரோட்டுக்குத் தார் போட்டார்களா,
பாண் இப்போது என்ன விலை.
ஒன்பது மாத ஒப்பந்தம். நாலு மாதம் மிச்சம்.
எங்கே படுக்கிறாய் என்று கேட்டதற்கு
காலால் தரையைத் தட்டினான்.
"இதுக்கும் கீழ நாலு தட்டு. தலைக்கு மேல தண்ணி, அக்கா."
சிரித்தான். கழுத்தை நீட்டி
அன்னம் கட்டிலில் உட்கார்ந்தது.

கடைசி இரவு ஒரு பொதி தந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடித்துப் போனோம்.
தேவாலயத்துக்குப் பின்னால் ஒழுங்கை,
பூசை முடிந்து ஆட்கள் கலையும் நேரம்.
டெல்ரின் கதவைத் திறந்தாள்,
ஒரு கையில் பிள்ளை, மறுகையில் அகப்பை.
பொதிக்குள் சொக்லட், ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து.
போட்டுப் பார்த்தாள்; ஒரு விரல் சின்னது.
லேசைத் தளர்த்தி, "காணும்" என்றாள்,
பிள்ளை நொண்டுவதைப் பார்க்காமல்.

சோடாவை ஊற்றியபடி கேட்டாள்:
"அவருக்குத் தனி ரூமாமே.
ஜன்னலால கடல் தெரியுமாமே."

நான் கிளாசில் ஏறும் குமிழிகளைப் பார்த்தேன்.
எட்டு நாளும் புறுபுறுத்த மனிதர்,
கம்பெனிக்கு ஆறு பந்தியில் முறைப்பாடு எழுதி
மேசையில் வைத்திருக்கும் மனிதர்,
தொண்டையைச் செருமினார்.
"பெரிய ஜன்னல், பிள்ளை. வட்டம்.
பித்தளைப் பூண் போட்டது.
விடிய அதால வெயில் வந்து
அவன்ர கட்டில்லதான் விழும்.
பறவை மீன் பாயுறதை
நானே அதுக்குள்ளால பார்த்தனான்."

டெல்ரின் பிள்ளையின் காதில்
வட்டம் என்றாள்.
விரலால் காற்றில் கீறியும் காட்டினாள்.

திரும்பும்போது துறைமுக மதிலுக்கு அப்பால்
ஒரு வெள்ளைக் கப்பல்,
தட்டுத் தட்டாக ஜன்னல்.
ஓட்டோ சிவப்பு விளக்கில் நின்ற நேரம்
இவர் மேலேயிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்,
ஜன்னல்கள் முடிந்து
வெறும் இரும்பு தொடங்கும் இடம்வரை.
பிறகு விளக்கு மாறியது.

வீட்டுக்கு வந்து
சேட்டைக் கழற்றும்போது கேட்டார்:
"வட்டம் எண்டோ சொன்னனான்?"
ஓம்.
"மறந்துபோகாதை.
இனி ஆர் கேட்டாலும் வட்டம்."